இருதயம்மாள் நடத்திய அடக்கம்

செபமாலையம்மாள் இறந்துபோன வியாழக்கிழமை, ஆனைப்பாறை எஸ்டேட்டிலிருந்து கீழே இறங்கும் ரோடு இரண்டு இடத்தில் உடைந்து கிடந்தது. எழுபத்து நாலாம் வருஷத்து ஆடி மழை. பள்ளிவாசல் எஸ்டேட்டுக்குப் போகிற வழியில் ஒரு மேடு தேயிலைச் செடிகளோடு அப்படியே சரிந்து ரோட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. மூணாறு பங்குச் சாமிக்குத் தகவல் சொல்ல நடந்தே கிளம்பிய இரண்டு ஆண்கள், ஓடையின் மேல் கிடந்த மரப்பாலத்தையும் தண்ணீர் கொண்டுபோய்விட்டதைப் பார்த்துவிட்டுத் தொப்பலாக நனைந்து திரும்பி வந்தார்கள்.

செபமாலையம்மாளுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கொழுந்து எடுக்கிற வேலையிலிருந்து நின்ற பிறகும் மேல் டிவிஷன் மாதா கோயிலைக் கூட்டிப் பெருக்குவதை அவள் விடவில்லை. அவளுக்கு இருந்தது ஒரே மகள், சிசிலி. சிசிலியின் புருஷன் வாளையாரிலிருந்து கோயம்புத்தூருக்கு சிமெண்ட் லாரி ஓட்டுகிறவன். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருவான். தந்தி கொடுக்கலாம் என்றால் தந்தி ஆபீஸ் உடைந்த ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

தொழிலாளர்கள் குடியிருக்கும் அந்த லயங்களில் யார் இறந்தாலும் அடக்கத்தை நடத்துகிறவர் உபதேசியார் வேதமுத்து. சாமி மாதம் ஒரு ஞாயிறுதான் மலையேறி வருவார். மற்ற ஞாயிறுகளில் செபம் சொல்வது, நோயாளிகளைப் பார்ப்பது, செத்தவர்களைக் கல்லறைக்குக் கொண்டுபோவது எல்லாம் உபதேசியார் பொறுப்பு. அவர் பத்து நாளைக்கு முன்பு காந்தலூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனவர், மழையில் அங்கேயே மாட்டிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் எஸ்டேட் ஆஸ்பத்திரி கம்பவுண்டர் வந்து பார்த்தார். "மத்தியானத்துக்கு மேல வைக்காதீக" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆண்கள் லயத்துக்கு முன்னால் குடைக்குள் கூடி நின்றார்கள். கோயில் கமிட்டிக்குத் தலைவர் சவரியப்பன் கங்காணி. அவர்தான் முடிவு சொன்னார்.

"நாலு பேரு தூக்கிட்டுப் போவோம். ஆளுக்கொரு பரலோக மந்திரம் சொல்லி மூடிட்டு வந்திருவோம். ரோடு தெறந்தப்புறம் உபதேசியார் வந்து என்ன செய்யணுமோ செய்யட்டும்."

உள்ளே அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த சிசிலிக்கு அது கேட்டது. வாசலுக்கு வந்தாள். "முப்பது வருசமா கோயிலக் கூட்டினவளுக்கு ஒரு அடக்கப் பூசை வேண்டாம், ஒரு வாசகம்கூடவா கெடையாது?" என்றாள். அழுகை இல்லை.

அவளுக்குப் பின்னால் நின்றவள் இருதயம்மாள். நாற்பத்தைந்து வயது. சிசிலி கொழுந்தெடுக்கும் அதே செடி நிரையில் அவளும் எடுப்பாள். திருநெல்வேலிப் பக்கம் கன்னியாஸ்திரீகள் நடத்திய விடுதியில் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். மே மாதமும் அக்டோபர் மாதமும் லயத்துப் பெண்களுக்குச் செபமாலை சொல்லிக்கொடுப்பது அவள்தான். கோயிலில் அவளுக்குக் கடைசி வரிசை.

"கங்காணி" என்றாள் இருதயம்மாள். "அடக்கப் புத்தகம் கோயில் அலமாரியில இருக்கு. நான் வாசிக்கேன்."

சவரியப்பன் காது கேட்காதவர் மாதிரி அவளைப் பார்த்தார். "எங்க வச்சு வாசிப்ப? வீட்டுல வச்சா?"

"வீட்டுலயும் வாசிப்பேன். குழிகிட்டயும் வாசிப்பேன்."

"பொம்பளைக வளைவு தாண்டி வந்ததுண்டா? என்னம்மா பேசுத?"

வளைவு என்றால் யூக்கலிப்டஸ் மரங்கள் நிற்கிற திருப்பம். லயத்துப் பெண்கள் சவத்தோடு அதுவரைக்கும் அழுதுகொண்டு வருவார்கள், அங்கிருந்து திரும்பிவிடுவார்கள். கல்லறைத் தோட்டத்தைச் சாதாரண நாட்களில் புல் வெட்டிச் சுத்தம் செய்வது பெண்கள். கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தி கொளுத்துவதும் பெண்கள். அடக்கத்தின்போது மட்டும் அவர்கள் அங்கே போவதில்லை. யார் வைத்த சட்டம் என்று யாரும் கேட்டதில்லை.

"கங்காணி மாமா" என்றாள் சிசிலி. "எங்கம்மாவுக்கு ஆம்பளப் பிள்ளை இல்ல. மருமகன் வாளையார்ல கெடக்காக. நானும் வளைவுலயே திரும்பிட்டா, குழிகிட்ட அவளுக்குன்னு யாரு நிப்பா?"

அப்போது இருதயம்மாளின் புருஷன் ஆரோக்கியம் தோளில் மண்வெட்டியோடு மேலிருந்து இறங்கி வந்தான். குழி வெட்டப் போயிருந்தவன். இங்கே நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது.

"குழி ரெடியா இருக்கு. தண்ணி ஊறுது" என்றான். "இப்படியே பேசிக்கிட்டு நின்னா மறுபடியும் வெட்டணும். என்னால ஆகாது."

அதோடு பேச்சு நின்றது. கோயிலின் பொதுச் சவப்பெட்டியான தூம்பாவைக் கொண்டுவந்து செபமாலையம்மாளை அதில் கிடத்தித் தூக்கினார்கள்.

இருதயம்மாள் புத்தகத்தை பிளாஸ்டிக் தாளில் சுற்றி மார்போடு பிடித்துக்கொண்டு சிலுவைக்குப் பின்னால் நடந்தாள். வளைவு வந்ததும் பின்னால் வந்த பெண்களின் அழுகைச் சத்தம் பழக்கத்தில் நின்றுவிட்டது அவளுக்குத் தெரிந்தது. அவள் நிற்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் பயமாக இருந்தது. சிசிலி அவள் முந்தானையைப் பிடித்தபடி கூடவே வந்தாள். ஏழெட்டு அடி போனதும் சேற்றில் கால்கள் சளக் சளக்கென்று அழுந்துகிற சத்தம் கேட்டது. ஒருத்தி, பிறகு இன்னொருத்தி. குழிக்கு அருகே போய்த் திரும்பியபோது லயத்துப் பெண்கள் எல்லாரும் நின்றார்கள். சவரியப்பனும் இன்னும் மூன்று பேரும் கல்லறைத் தோட்டத்துக் கதவுக்கு வெளியே நின்றுவிட்டார்கள்.

முதல் வரியிலேயே இருதயம்மாள் தடுமாறி நிறுத்தினாள். ஆரோக்கியம் குடையைப் பிடித்தான். இரண்டாம் தடவை குரல் வந்தது. இறந்தவரின் பெயரைச் சொல்ல வேண்டிய இடங்களில் புத்தகத்தில் ஒரு கோடு மட்டும் போட்டிருக்கும். அங்கெல்லாம் 'செபமாலையம்மாள்' என்று நிறுத்தி, தெளிவாகச் சொன்னாள். 'குருவானவர் கல்லறையை ஆசீர்வதிக்கிறார்' என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்த இடத்தில் தயங்கினாள். அதைச் செய்ய அவளுக்கு மனம் துணியவில்லை. அதற்குப் பதிலாக எல்லாரையும் மூன்று அருள் நிறை மந்திரம் சொல்லவைத்தாள். தீர்த்தம் தெளித்தாள். சிசிலி முதல் பிடி மண்ணைப் போட்டாள். ஈர மண், விரல்களில் ஒட்டிக்கொண்டு விழவே மாட்டேன் என்றது.

பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் செபம் சொல்ல ஆள் இல்லை. பெண்கள் கேட்டுக்கொண்டதால் இருதயம்மாள் கடைசி வரிசையில் முழங்காலிட்டபடியே செபமாலை சொன்னாள். வெளியே வரும்போது சவரியப்பன் சத்தமாக ஆரோக்கியத்திடம் சொன்னார்: "ஒம் பொண்டாட்டி செஞ்சது அடக்கமே இல்லைடே. செல்லாது. சாமி வந்தா தோண்டி எடுத்து மறுபடியும் செய்யச் சொல்லுவாரோ என்னமோ. ஒம் மகளுக்கு வேற கலியாண ஓலை வாசிக்கணும்லா? யோசிச்சுக்கோ."

இருதயம்மாளின் மகள் சந்தனமேரிக்கு ஆவணியில் கல்யாணம் வைத்திருந்தார்கள். மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பான ஓலையை வாசித்த பிறகே தாலி கட்ட முடியும். சாமி மாட்டேன் என்றால் அவ்வளவுதான். ஆரோக்கியம் வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு, "எனக்கு நீ செஞ்சது தப்புன்னு தோணல" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா எனக்கு என்ன தெரியும்?" என்றும் சொன்னான்.

இருதயம்மாளுக்கும் தெரியவில்லை. கொழுந்து எடுக்கும்போது கை தன்பாட்டில் ஓடும். மனசு அந்தச் சிவப்பு எழுத்தில் போய் நிற்கும். எதையோ விட்டுவிட்டோம், அல்லது எதையோ கூடுதலாகச் செய்துவிட்டோம். எது என்றுதான் தெரியவில்லை. சிசிலி சாப்பாட்டைக் குறைத்துவிட்டாள். ஒருநாள் நிரையில் பக்கத்தில் வந்து கேட்டாள்:

"அக்கா, தோண்டி எடுப்பாகளா?"

"மாட்டாகடி."

"எங்கம்மா ஆத்துமா எங்க நிக்குதோ."

"ஆண்டவருகிட்ட நிக்கும். வேற எங்க நிக்கும்?" என்றாள் இருதயம்மாள். சொன்ன வேகத்தில் குரல் சரியாகத்தான் வந்தது. ஆனால் அன்றைக்கு அவள் கூடையில் முற்றின இலையாக விழுந்து, சூப்பர்வைசரிடம் ஏச்சு வாங்கினாள்.

பதினோராம் நாள் ஓடையில் புதுப் பாலம் போட்டார்கள். மறுநாள் வேதமுத்து உபதேசியார் ஏறி வந்தார். வழியிலேயே சவரியப்பன் அவரைப் பிடித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்று பெண்கள் வந்து சொன்னார்கள். வேலை முடிந்த கையோடு இருதயம்மாளை உபதேசியார் வரச் சொன்னார் என்று தகவலும் வந்தது.

கோயிலுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு அறை வீடு உபதேசியார் வீடு. மனைவி இறந்த பிறகு தனியாக இருந்தார். இருதயம்மாள் வாசலில் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றாள். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். இப்போது எல்லாம் மறந்துவிட்டது.

"உள்ள வா தாயி" என்றார். மேசைமேல் அடக்கப் புத்தகம் இருந்தது. "நீ என்னென்ன வாசிச்சியோ, அதையெல்லாம் எனக்கு வாசிச்சுக் காட்டு."

அவள் பக்கத்தைத் திருப்பி வாசித்தாள். ஒவ்வொரு வரியிலும் எங்கே தடுப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் தடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்தார். சிவப்பு எழுத்து வந்த இடத்தில் நிறுத்தி, "இதைச் செய்யல அண்ணாச்சி. மூணு அருள் நிறை மந்திரம் சொன்னோம்" என்றாள்.

"சரிதான். அது சாமி செய்யிறது" என்றார். "அதுக்கு முன்னால ஒரு சங்கீதம் வாசிச்சியே, அது முழுசா இருந்துச்சா?"

"ஆமா. எட்டு வரி."

"நான் நாலு வரிதான் சொல்லிக்கிட்டு வந்திருக்கேன். மீதி மறந்துபோச்சு."

இருதயம்மாளுக்குப் புரியவில்லை. "புத்தகத்துல இருக்கே அண்ணாச்சி."

"புத்தகத்துல இருக்கு. கண்ணுலதான் இல்ல." வேதமுத்து சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "ரெண்டு வருசமாச்சு தாயி. எழுத்து எல்லாம் எறும்பு ஊருத மாதிரி ஊருது. மனப்பாடமா தெரிஞ்சதைச் சொல்லிக்கிட்டு, பக்கத்தைச் சும்மா திருப்பிக்கிட்டிருந்தேன்."

இருதயம்மாளுக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. இரண்டு வருஷமாக ஞாயிறுகளில் மாறி மாறி வந்துகொண்டிருந்தது அதே ஐந்து நற்செய்திப் பகுதிகள். ஊதாரி மகன் மட்டும் அந்த வருஷத்தில் ஒன்பது தடவை வந்துவிட்டான். அவருக்கு அந்தக் கதை மேல் அவ்வளவு பிரியம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"காந்தலூருக்குப் போனேன்னு சொன்னது பாதி நெசம். அங்கேருந்து உடுமலைக்குப் போய்க் கண் டாக்டரைப் பாத்தேன். புரையாம். இன்னும் முத்தலையாம், முத்தினாத்தான் ஆபரேசன் பண்ணுவாகளாம். வாசிக்க முடியாத உபதேசியாரை யாரு வச்சுக்குவா? இந்த வீடும் போயிரும். அதான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல." பிறகு சொன்னார்: "கங்காணி சொன்னப்போ எனக்குக் கோவம்தான் வந்துச்சு. இவ யாரு எம் புத்தகத்தை எடுக்கன்னு. மேட்டுல ஏறிக்கிட்டே இருந்தேன். பாதி வழியில பாத்தா, கோவத்தைக் காணோம். அப்பாடான்னு இருக்கு. உக்காந்து மூச்சு விட்டேன் தாயி. ரெண்டு வருசமா விடாத மூச்சு."

இருதயம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஏச்சு வாங்க வந்தவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஊதாரி மகன்... ஒம்பது தடவை..." என்றாள். இந்தத் தடவை வேதமுத்துவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"சாமி வரட்டும். நானே சொல்லுதேன்" என்றார்.

"கண்ணைப் பத்திச் சொல்லாண்டாம் அண்ணாச்சி. வீடு..."

"சொல்லாம எப்படி? ஒன்னைப் பத்திச் சொல்லணும்னா அதையும் சொல்லத்தான் வேணும்."

ஞாயிறு காலை சாமி ஜீப்பில் வந்து, பாலத்திலிருந்து நடந்து ஏறினார். மலையாளத்துப் பாலா ஊர்க்காரர். மத்தாயி சாமி என்று பெயர். தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். சப்பாத்தைக் கழற்றிச் சேற்றைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே சவரியப்பன் வழக்கைச் சொல்லிவிட்டார். கோயில் நிறைய ஆட்கள். பூசைக்கு முன்பே சாமி பீடத்துக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"இருதயம்மா யாராணு?"

கடைசி வரிசையிலிருந்து அவள் எழுந்தாள். ஆனால் அவளுக்கு முன்பே வேதமுத்து எழுந்துவிட்டார். கண்ணைப் பற்றியும், இரண்டு வருஷத்தைப் பற்றியும், உடுமலையைப் பற்றியும், ஒன்றையும் மறைக்காமல் சபை முன்னால் சொன்னார். "அந்த அடக்கத்துல வாசிச்ச அளவுக்கு நான் ரெண்டு வருசமா எந்த அடக்கத்துலயும் வாசிக்கல சாமி. அது செல்லாதுன்னா, நான் செஞ்ச பதினாலு அடக்கமும் செல்லாது" என்றார்.

கோயிலுக்குள் சலசலப்பு எழுந்தது. அந்தப் பதினாலில் சவரியப்பனின் சொந்தத் தகப்பனாரும் ஒருவர்.

சாமி இருதயம்மாளைக் கேட்டார்: "கல்லறை ஆசீர்வாதம் நீங்க சொல்லியோ?"

"இல்ல சாமி. அதை விட்டுட்டேன்."

"விட்டது நல்லது. அது மாத்திரம் நான் போய்ச் செய்யறேன். அடக்கம் கழிஞ்சு, முடிஞ்சுபோச்சு. ரெண்டாவது அடக்கம்னு ஒண்ணு சபையில இல்லா, கேட்டோ? யாரும் ஒண்ணும் தோண்டண்டா."

பெண்கள் பக்கத்திலிருந்து சத்தமாக ஒரு மூச்சு கேட்டது. சிசிலி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோள்கள் குலுங்கின. பக்கத்தில் இருந்தவர்கள் அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்கள்.

"இன்னைக்கு முதல் வாசகம் யார் வாசிக்கும்?" என்றார் சாமி. "உபதேசிக்குக் கண்ணு தெரியில்லா. பெண்கள் வாசிக்கலாம்னு இப்போ உத்தரவு உண்டு. இருதயம்மா வாசிக்கட்டே."

சவரியப்பன் எழுந்தார். "சாமி, பீடத்துல பொம்பள ஏறுறதா?"

"பீடத்தில் ஏறண்டா. அளிக்கு வெளியே நின்னு வாசிச்சா போதும்."

அளி என்றால் பீடத்துக்கு முன்னால் இருக்கும் மரக்கிராதி. வாசகப் புத்தகம் வைக்கிற மேசை அதற்கு உள்ளே இருந்தது. இருதயம்மாள் முன்னால் வந்தாள். கிராதிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். புத்தகம் எட்டவில்லை.

"சாமி, ஒண்ணு சொல்லட்டுமா?"

"பறையூ."

"நான் வெளிய நிக்கேன். ஆனா எட்டாத எடத்துல புத்தகத்தை வச்சுக்கிட்டு எப்படி வாசிக்க? மேசையை இந்தப் பக்கம் தூக்கி வைக்கச் சொல்லுங்க. இன்னைக்கு மட்டும் இல்ல, எப்பவும் இங்கனயே இருக்கட்டும். உபதேசியாரும் இங்க நின்னே செபம் சொல்லட்டும். அப்புறம், செத்தவுகளுக்கு மண்ணு போட இனிமே பொம்பளைகளும் வருவோம். வளைவுல திரும்ப மாட்டோம். அதையும் நீங்க ஒங்க வாயால சொல்லிருங்க."

சாமி அவளை உற்றுப் பார்த்தார். கோபம் வருமோ என்று ஆரோக்கியம் ஆண்கள் பக்கத்தில் பாதி எழுந்துவிட்டான். "வளைவோ? எந்த வளைவு?" என்றார் சாமி. இருதயம்மாள் விளக்கினாள். அவருக்கு அப்படி ஒரு வழக்கம் இருப்பதே தெரியாது.

"அது சபையுடெ நியமமல்லா. ஆர்க்கும் போகலாம்" என்றார். பிறகு ஆண்களைப் பார்த்து, "மேசை பிடிக்கின்" என்றார். ஆரோக்கியமும் இன்னொருவரும் மேசையைத் தூக்கிக் கிராதிக்கு வெளியே வைத்தார்கள். அங்கே தரை கொஞ்சம் சரிவு. ஒரு கால் ஆடியது. யாரோ அதற்கு அடியில் ஒரு பலகைத் துண்டைச் செருகினார்கள்.

இருதயம்மாள் வாசித்தாள். அன்றைக்கு எந்த வாசகம் என்று பிறகு கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. தன் குரல் கடைசிச் சுவர்வரைக்கும் போய் முட்டியது மட்டும் நினைவிருந்தது. பூசை முடிவில் சாமி சந்தனமேரியின் ஓலையை, வேறு இரண்டு ஓலைகளோடு சேர்த்து, சாதாரணமாக வாசித்துவிட்டுப் போனார். இருதயம்மாள் திரும்பி ஆரோக்கியத்தைத் தேடினாள். ஆரோக்கியம் ஆண்கள் பக்கத்திலிருந்து அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

பூசைக்குப் பிறகு எல்லாரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். சாமி ஆசீர்வாதம் சொல்லும்போது மழை விட்டிருந்தது. சவரியப்பன் வரவில்லை. அடுத்த இரண்டு ஞாயிறும் கோயிலுக்கும் வரவில்லை. மூன்றாம் ஞாயிறு வந்து, முன்வரிசையில் தன் இடத்தில் உட்கார்ந்து, வாசகம் முடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கமிட்டித் தலைவர் பதவியை அவர் விடவும் இல்லை. வேதமுத்துவின் வீடு போகவில்லை. கண் சரியாகும்வரை செபமும் பிரசங்கமும் அவருக்கு, வாசகமும் அடக்கமும் இருதயம்மாளுக்கு என்று சாமி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

சாமி வந்துபோன அந்த ஞாயிறு மத்தியானம் வீட்டுக்கு வந்த இருதயம்மாள், சேலைகூட மாற்றாமல் பாயில் சாய்ந்தாள். சாயங்காலம்வரை அசையவில்லை. சந்தனமேரி இரண்டு தடவை வந்து மூக்குக்கு நேரே கையை வைத்துப் பார்த்துவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை மலை முழுக்க வெயில். பத்து மணிக்குப் பெண்கள் நிரையிலேயே நின்று கட்டன் சாயா குடித்தார்கள். சிசிலி வீட்டிலிருந்து கிழங்கு அவித்துக்கொண்டு வந்திருந்தாள். எல்லாருக்கும் கொடுத்துவிட்டுத் தானும் இரண்டு எடுத்துத் தின்றாள்.

"அக்கா, அந்த அடக்கப் பொஸ்தகத்துல எழுத்து பெருசா இருக்குமா, சின்னதா இருக்குமா?" என்று கேட்டாள்.

"பெருசாத்தான் இருக்கு. எதுக்குக் கேக்க?"

"எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். கொஞ்ச நாள் ஆகும்" என்றாள் சிசிலி. பிறகு வாயில் இருந்த கிழங்கை விழுங்கிவிட்டு, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு நிரைக்குள் இறங்கினாள்.